பெட்டிக்கு எத்தனை கலன்?

மெசின் பெட்டி, அதாவது உழவு இயந்திரம் பின்னால் இழுக்கிற பெட்டி, அதற்கு அடிக்க எவ்வளவு பெயின்ற் வேணும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பதில் உடனே வரும். ஒருவரும் யோசிப்பதில்லை, ஒருவரும் அளவு நாடாவைத் தேடுவதில்லை. அதுதான் எனக்குப் பிடிபடாத விசயம். களுவாஞ்சிகுடியில் கடைக்காரர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒரு கலன் தாராளம் தம்பி, மிச்சமும் வரும்" என்றார். மாமா, "கலன் என்னத்துக்கு? ஒரு லீற்றர் ரின் ரெண்டு எடுங்க, காணும்" என்றார். பெயின்ற் அடிக்கிற பாஸ் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சில்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "ரெண்டு கலன் எடுங்க சேர்" என்றார். ஒரே பெட்டிக்கு இரண்டு லீற்றர், நாலு லீற்றர், எட்டு லீற்றர். மூவரும் இந்த வேலையில் ஊறியவர்கள். பொய் சொல்லிப் பிழைக்க வேண்டிய தேவை மூவருக்கும் இல்லை. பாஸ் மிச்சத்தைத் தன் வீட்டுக் கேற்றுக்கு அடிப்பார் என்று மாமா சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மதிப்பீடு போடுவதுதான் என் பிழைப்பு. பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒரு மதகுக்கு எத்தனை மூடை சீமெந்து, ஒரு கொங்கிறீற் வீதிக்கு எத்தனை கியூப் மணல் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், அதை நம்பி ஒருவர் காசை இறக்குவார். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால் நித்திரை வராது. ஆனால் வீட்டில் வாய் திறக்கவும் ஏலாது. மட்டக்களப்பில் கலியாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவன். மெசின் மாமாவுடையது, பெட்டி மாமாவுடையது, பெட்டி நிற்கிற மாமரமும் மாமாவுடையது. மருமகனுக்குக் கணக்குப் பார்க்கிற உரிமை உண்டு, தீர்ப்புச் சொல்கிற உரிமை கிடையாது.

இந்த வேலைக்குக் காலமும் குறுகலானது. சிறுபோக வெட்டு முடிந்து, நெல்லும் ஏற்றி முடிந்து, மாரி விதைப்புக்கு வயல் வட்டைக்குள் இறங்குவதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில்தான் பெட்டிக்கு ஓய்வு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வெறும் இரும்பு ஒரு இரவுக்குள் கறள் கட்டும். பாதி வேலையில் பெயின்ற் முடிந்து போனால், சுரண்டி வைத்த இரும்பு வெட்டையில் கிடக்க, நாங்கள் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் கடைக்கு ஓட வேண்டும். அதிகமாக வாங்கினால், திறந்த ரின்னில் ஆடை கட்டி, அடுத்த முறை எடுக்கும்போது அடியில் களியும் மேலே எண்ணெயுமாகக் கிடக்கும். எனாமலை நெல் மாதிரிச் சேமித்து வைக்க முடியாது.

ஒரு கியூப் கொள்ளும் பெட்டி

எங்கள் பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், 20 அங்குல உயரம். பெருக்கிப் பாருங்கள், சரியாக 100 கன அடி வரும். அதாவது மட்டமாக நிரப்பினால் ஒரு கியூப் மணல். இதைச் செய்த பட்டறைக்காரருக்குப் பெட்டி என்பது கன அடிக் கணக்கு. வாங்கிய மாமாவுக்கும் அப்படித்தான்: எத்தனை மூடை ஏறும், எத்தனை கியூப் கொள்ளும். முப்பது வருடத்தில் அந்தப் பெட்டியின் சதுர அடியை யாரும் கேட்டதே இல்லை. கேட்கிற ஒரே நாள் பெயின்ற் வாங்குகிற நாள். அன்றைக்கும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

வெளிப்பக்கத் தகடுகள் நாலையும் சேர்த்தால் 53 சதுர அடி. உட்பக்கமும் அதே 53. தளம் மேலே 60, கீழே 60. இவ்வளவும் ஏறக்குறைய 227. பக்கத் தகடுகள் வழவழப்பான பலகை மாதிரி இல்லை, வலுவுக்காக மடிப்பு மடிப்பாக அழுத்தியவை. நாடாவை நேராகப் பிடித்தால் 10 அடி. ஒரு சணல் கயிற்றை மடிப்புக்குள் இறக்கி ஏற்றிக் கொண்டுபோய் அளந்தால் 11 அடி 4 அங்குலம். நீளப் பக்கங்கள் இரண்டுக்கும் உள்ளும் புறமும் அந்த மேலதிகத்தைச் சேர்த்தால் 9 சதுர அடி கூடுகிறது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு.

அதற்குப் பிறகு பெட்டிக்குக் கீழே ஊர்ந்தேன். அங்கேதான் விசயம் இருக்கிறது. செசியின், அதாவது பெட்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தின், இரண்டு நீளச் சனல் இரும்பும் மெசினில் கொழுவுகிற முன்கைகள் இரண்டும் சேர்ந்து 32 அடி. 4 அங்குலம் உயரம், 2 அங்குலம் அகலம். நின்று பார்க்கிறவனுக்கு அது 4 அங்குலப் பட்டி. பிரஷ் பிடிக்கிறவனுக்கு முதுகு, மேல் உதடு, கீழ் உதடு, பிறகு உள்ளே அதே மூன்றும் மறுபடி. சுற்றிவர அளந்தால் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 1.3 சதுர அடி விழுகிறது. குறுக்குச் சனல்கள் ஆறு, சின்னன், ஒவ்வொன்றும் 6 அடி நீளம். அவை அடிக்கு ஒரு சதுர அடி. எல்லாவற்றையும் கூட்டினால் செசி மட்டும் 78 சதுர அடி. சில்லு றிம், அச்சு, பிணைச்சல், கொழுக்கி, மூலைத் தூண் என்று உதிரிகளுக்கு ஒரு 16 வைத்தேன். ஆக மொத்தம் 330 சதுர அடி. கட்டடக் கணக்கில் மூன்றேகால் சதுரத்துக்கு மேலே.

இந்த 330இல் வீதியில் போகிறவன் காண்பது அந்த 53தான், ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஐந்து பங்கும் நெல்லுக்கும் சேற்றுக்கும் மட்டும் தெரிந்த பக்கங்கள்.

கறள் வருவதும் அந்த ஐந்து பங்கில்தான். களப்புக் காற்றில் உப்பு இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பெட்டியைத் தின்கிற பெரிய உப்பை நாங்களே ஏற்றுகிறோம். எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட். குளோரைட் இரும்பை விடாது. ஒரு மூடை கிழிந்து தளத்து மூலையில் கொட்டினால், கூட்டி அள்ளினாலும் பொருத்துக்குள் போனது போகாது. காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். எங்கள் பெட்டியில் தளமும் பக்கத் தகடும் சேர்கிற ஓரத்தில், இடது பின் மூலையில், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் தகடு பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது. வழக்கமாக உர மூடை அடுக்குகிற மூலை அது. வெளிப்பக்கமோ அரை நாள் கழுவித் துடைத்தால் இன்னும் இரண்டு போகம் பார்க்கலாம் போல இருந்தது.

ரின்னில் எழுதியிருப்பது

கடைக்காரர் சொன்ன ஒரு கலன் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ரின்னின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது: ஒரு லீற்றருக்கு ஒரு பூச்சு 12 சதுர மீற்றர். 4 லீற்றருக்கு 48 சதுர மீற்றர், அதை அடியாக்கினால் 516. "ஒரு கலன் ஐந்நூறு அடி போகும்" என்பது அவர் வாயில் ஓடுகிற சூத்திரம். பெட்டி 330 என்றால் மிச்சம் வரத்தானே வேணும்? கலன் என்ற சொல்லிலேயே ஒரு கழிவு இருக்கிறது என்பது வேறு. பழைய இம்பீரியல் கலன் 4.546 லீற்றர், இன்றைக்குக் கலன் என்று தூக்கித் தருகிற ரின்னில் 4 லீற்றர். அரை லீற்றருக்கு மேல் பேச்சிலேயே ஆவியாகிறது.

அந்த 12 எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால்தான் அது எங்கே பொருந்தாது என்று விளங்கும். ஒரு லீற்றரை 10 சதுர மீற்றரில் சமமாகப் பரப்பினால், ஈரமாக இருக்கும்போது அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. போட்டோகொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதுர மீற்றருக்கு இழுத்தால் தாளை விட மெல்லிசு. காயும்போது அதில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும், ஏனென்றால் எனாமலில் நின்று பிடிக்கிற திண்மம் பாதிக்குச் சற்றுக் குறைவுதான். இது கண்ணாடி மாதிரி மட்டமான தகட்டுக்குச் சொன்ன கணக்கு. கறள் தின்ற தகட்டில் குழி அரை மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். முதலில் அந்தக் குழிகள் குடிக்கும், பிறகுதான் மேல்தளத்துக்கு ஏதாவது கிடைக்கும். நாடாவுக்கு ஒரு சதுர அடி, பெயின்றுக்கு அது ஒன்றரையோ என்னவோ.

இதற்கு ஊரில் ஒரு வைத்தியம் இருக்கிறது: தின்னர். பெயின்ற் இழுபடவில்லையா, தின்னர் ஊற்று. முடியப் போகிறதா, இன்னும் கொஞ்சம் ஊற்று. பிரஷ் ஓடுவதற்கு ஒள்ளுப்பம் சேர்ப்பதில் குற்றமில்லை. ஆனால் 4 லீற்றர் எனாமலில் நின்று காயப்போகிற திண்மம் ஒன்றே முக்கால், ஒன்று எட்டு லீற்றர்தான். அதற்குள் ஒரு லீற்றர் தின்னரை விட்டால் வாளி நிறையும், இரும்பில் நிற்பது கூடாது. ஒரு கலனில் பெட்டி முழுக்க அடித்து முடித்தேன் என்று சொல்பவர்கள் அடித்தது உண்மைதான். அடுத்த மாரியில் போய்ப் பார்த்தால் செசியில் நிறம் இருக்கும், பெயின்ற் இருக்காது.

நிறமும் இந்தக் கணக்கில் கையை நுழைக்கும். கடும் நீலமும் கறுப்பும் அடியை நன்றாக மூடும். மஞ்சளும் பளிச்சென்ற சிவப்பும் மூடாது. கறளைத் தடுக்க முதலில் பூசுகிற செம்மண் நிற அன்ரி கொரோசிவ்வுக்கு மேலே மஞ்சள் அடித்தால் இரண்டு பூச்சுக்குப் பிறகும் உள்ளே இருப்பது தெரியும். முந்தி இப்படி இல்லையே என்று மாமா கேட்டார். அவர் சொல்வது சரி. அந்தக் கால மஞ்சளில் ஈயக் குரோமேற் இருந்தது, அது ஒரே பூச்சில் மூடிவிடும். 2013 முதல் இலங்கையில் பெயின்றுக்குள் இருக்கக்கூடிய ஈயத்துக்குச் சட்டத்தில் வரம்பு வந்தது, வந்தது நல்லதுக்குத்தான். ஈயத்தை விட்டுச் செய்கிற மஞ்சள்கள் மெலிவானவை, ஒரு பூச்சுக் கூடக் கேட்கும். அதே காரணத்தால் எங்கள் பெட்டியின் பழைய பூச்சைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டும்போது சின்னவர்களைப் பக்கத்தில் விடவில்லை. கீழே படங்கு விரித்து, தண்ணீர் தெளித்துச் சுரண்டினோம். மாமியின் கோழிகளை அந்தப் பக்கம் வராமல் பார்ப்பதுதான் பெரும்பாடு.

பின்கதவு

பாஸ் காலையில் வந்தார். கச்சான் காற்று வெயிலோடு எழும்புவதற்கு முன்னால் பிரஷ் பிடிக்க வேணும் என்பது அவருடைய சட்டம். பதினொரு மணிக்குப் பிறகு தகட்டில் கை வைக்க முடியாது. பூசுகிற பெயின்ற் பரவுவதற்கு முன்னமே இறுகும், பிரஷ் இழுபடும், கூடுதலாகப் பிடிக்கும். காற்றோடு வருகிற தூசி அப்படியே ஒட்டும். அதேபோல விடியற்காலையிலும் தொடமாட்டார், இரும்பில் பனி ஈரம் இருக்கும் என்று புறங்கையை வைத்துப் பார்ப்பார். கடையில் விற்கிற எந்தக் கருவியும் இந்தப் புறங்கையை விடத் துல்லியமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "பாஸ், முழுப் பெயின்றும் இப்ப வாங்கேல்ல. அன்ரி கொரோசிவ் ஒரு லீற்றர், நீலம் ஒரு லீற்றர் மட்டும் இரிக்கி. முதல்ல பின்கதவ மட்டும் அடிப்பமா? அளந்து அடிப்பம்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆனால் அரசாங்க உத்தியோகத்தர்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் உறுதிப்பட்டது தெரிந்தது. மாமா திண்ணையில் இருந்து, "மருமகன் பெயின்றுக்கும் கோப்புத் திறக்கப் போறார்" என்றார்.

பின்கதவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிணைச்சல் ஊசியைக் கழற்றினால் தனியாக வரும். 6 அடிக்கு 20 அங்குலம், ஒரு பக்கம் 10 சதுர அடி, இரண்டு பக்கமும் 20. கணக்குப் பார்க்க அதைவிட வசதியான எண் கிடைக்காது. அதோடு, பெட்டியின் எல்லாக் குணமும் அதில் இருக்கிறது: வெளிப்பக்கம் ஓரளவு மட்டம், உட்பக்கம் சவள் விழுந்து விழுந்து குழியும் கீறலும், ஓரத்தில் மடிப்பு, மூலையில் பிணைச்சல். இரண்டு பீப்பாவுக்கு மேல் அதைக் கிடத்தினோம். வயலுக்கு மருந்து கலக்கும்போது அளக்கிற மில்லிலீற்றர் கோடு போட்ட கோப்பை வீட்டில் புதிதாக ஒன்று இருந்தது, மருந்து படாதது. அதில் 400 மில்லிலீற்றர் அன்ரி கொரோசிவ் ஊற்றிக் கொடுத்தேன்.

பாஸ் பிரஷ்ஷை முனையில் மட்டும் தோய்த்து, கோப்பை விளிம்பில் ஒரு பக்கம் வழித்துவிட்டு, முதலில் பிணைச்சலிலும் மடிப்பின் உள் மூலைகளிலும் குத்திக் குத்திப் பூசினார். தகட்டின் அகன்ற பகுதியைத் தொடவே இல்லை. உள் மூலை முழுதும் முடிந்த பிறகுதான் குறுக்கே ஒரு இழுவை, நெடுக்கே ஒரு இழுவை என்று பெரிய பரப்புக்கு வந்தார். கறள் குழி இருந்த இடத்தில் பிரஷ்ஷைத் திருகினார். திருகியபோது சிவப்புக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் எழும்பி உடைந்தன. குழிக்குள் இருந்த காற்று வெளியேறி, பெயின்ற் உள்ளே போகிறது. அந்தக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ரின்னில் எழுதியிருந்த 12 எங்கே போகிறது என்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது. அகன்ற பகுதிக்கு வருவதற்கு முன்னமே கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இரண்டு பக்கமும் முடிந்தபோது 300 மில்லிலீற்றர் போயிருந்தது, பிரஷ்ஷில் நின்றதையும் சேர்த்து. 20 சதுர அடிக்கு 300 என்றால் ஒரு லீற்றருக்கு 67 சதுர அடி. ரின் சொன்னதில் பாதி. காய்ந்த பின் நீலம்: முதல் பூச்சுக்கு 250, இரண்டாவது பூச்சுக்கு 180. குழிகள் நிறைந்த பிறகு பசி குறைகிறது. முதல் பூச்சு லீற்றருக்கு 80 சதுர அடி, இரண்டாவது 111. இரண்டாவது பூச்சிலும் ரின்னின் எண்ணை எட்டவில்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டது. இன்னும் ஐந்து பூச்சு அடித்தால் எட்டுமோ என்னவோ, அதற்குள் பெட்டி தேய்ந்துவிடும்.

பாஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியில் 330ஐ 80ஆல் பிரித்து 4.1, 111ஆல் பிரித்து 3, கூட்டினால் 7.1 லீற்றர் என்று எழுதியதும், "மறுகா?" என்றார். "ரெண்டு கலன்" என்றேன். "அதத்தானே சேர் முதல்லயே சொன்னன்" என்றார், சிரிக்காமல்.

யார் எந்தப் பெட்டியைச் சொன்னார்கள்

இதோடு விசயம் முடிந்தது, அனுபவம் வென்றது, நாடாவைச் சுருட்டலாம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பாஸின் எட்டு லீற்றர் சரி என்றால் மாமாவின் இரண்டு லீற்றர் எப்படி வந்தது? அவர் இந்தப் பெட்டியை எத்தனையோ முறை அடித்து முடித்தவர். நான் அவருடைய கணக்கைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் 53 சதுர அடி. முதல் பூச்சுக்கு முக்கால் லீற்றருக்குக் கொஞ்சம் கீழே, இரண்டாவதுக்கு அரை லீற்றர். முன்கைகளும் றிம்மும் சேர்த்தால் இரண்டு லீற்றருக்குள் அடங்கிவிடும். மாமா இத்தனை வருடமும் அடித்தது வீதியில் தெரிகிற பெட்டியை. பொங்கலுக்கு முன்னால், பின்கதவில் மஞ்சளில் பிள்ளையார் துணை எழுதி, கோயிலடியால் ஓட்டிப் போவதற்கான பெட்டி. அந்தப் பெட்டிக்கு அவருடைய மதிப்பீடு மில்லிலீற்றர் பிசகாது.

கடைக்காரரின் பெட்டி ரின்னில் இருக்கிறது. அது புதுத் தகடு, மட்டமானது, ஒரு பூச்சு. அப்படி ஒரு பெட்டி பட்டறையிலிருந்து வெளியே வருகிற அன்றைக்கு மட்டும் இருக்கும். பாஸின் பெட்டிக்கு உள்ளும் புறமும் மேலும் கீழும் எல்லாம் இரண்டு பூச்சு; அவருக்குக் கூலியும் அப்படித்தான், பெயரும் அப்படித்தான். அடுத்த வருடம் எங்காவது கறள் எட்டிப் பார்த்தால் "ஆரு அடிச்ச?" என்ற கேள்விதான் வரும், எவ்வளவு பெயின்ற் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே அவர் எட்டு லீற்றர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது நாலாவது பெட்டி. இன்னும் பத்துப் பன்னிரண்டு போகம் தாங்க வேண்டிய பெட்டி. அதற்கு எங்கே எத்தனை பூச்சு என்று ஒவ்வொரு பக்கமாகத் தீர்மானிக்க வேண்டும். செசிக்கும் தளத்தின் அடிக்கும் அழகு தேவையில்லை, ஆனால் அன்ரி கொரோசிவ் இரண்டு பூச்சு வேணும், மேலே நீலம் ஒரு பூச்சு காணும். உள் வெளிப் பக்கங்களுக்கும் றிம்முக்கும் அன்ரி கொரோசிவ் ஒன்று, நீலம் இரண்டு. தளத்தின் மேற்பக்கத்துக்கு அன்ரி கொரோசிவ் மட்டும். நீலம் அங்கே வீண். முதல் லோட் மணலை அள்ளி இறக்கும்போது சவள் அதை எடுத்துக்கொண்டு போகும். நெல்லுக்கும் மணலுக்கும் நிறம் பார்க்கிற வழக்கம் இல்லை.

அப்படிப் பிரித்தவுடன் எண்கள் மாறின. நீலம் முதல் பூச்சு 270 சதுர அடி, 3.4 லீற்றர். இரண்டாம் பூச்சு 132 சதுர அடி, 1.2 லீற்றர். ஆக 4.6 லீற்றர்: ஒரு நாலு லீற்றர் ரின், ஏற்கெனவே வாங்கிய ஒரு லீற்றர் ரின். அன்ரி கொரோசிவ்வுக்கோ நேர்மாறாக ஏறியது. பெட்டி முழுக்க ஒரு பூச்சு 4.9 லீற்றர், செசிக்கும் அடிக்கும் இரண்டாவது பூச்சு ஒன்றரை, 6.4. ஏழு லீற்றராகப் பிடித்தேன். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை விடக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு கூட. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெற்றியைச் சுருக்கியது விலைக்காக அல்ல. "மேலுக்கு அடிக்கிறதுக்கு அஞ்சு, கீழுக்கு அடிக்கிறதுக்கு ஏழா? ஆரு மருமகன் கீழ பாக்கிற?" என்றார். உர மூடை மூலையில் ஸ்க்ரூ டிரைவர் குத்திய ஓட்டையைக் காட்டினேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார். மட்டக்களப்பில் அதுவும் ஒரு சம்மதம்.

இரண்டு காரியத்தை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும், பெட்டி அடிக்கப் போகிறவர்களுக்கு உதவும். சிலர் செசியில் கறள் பிடிக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஒயிலைத் தடவி வைப்பார்கள். தடவியிருந்தால் எத்தனை கலன் வாங்கினாலும் வீண், அதன் மேல் பெயின்ற் ஒட்டாது. மண்ணெண்ணெயால் துடைத்தால் ஒயில் கரையும், ஆனால் மண்ணெண்ணெயும் ஒரு படலம் விட்டுப் போகும். சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பின் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அந்தத் துணிக்குப் போகிற தின்னரையும் மதிப்பீட்டில் சேருங்கள், யாரும் சேர்ப்பதில்லை. மற்றது, செசிக்கு ஸ்பிரே கன் பிடிக்க வேணாம். அகன்ற தகட்டுக்கு ஸ்பிரே அழகாக வரும். ஆறு குறுக்குச் சனலுக்கு இடையே அடித்தால் இரும்பில் படுவதை விட இடைவெளியால் போவது கூட, கச்சான் காலத்தில் பக்கத்து வளவுச் சுவரும் நீலமாகும். பிரஷ்ஷால் அடித்தாலும் ரின்னின் சுவரில், பிரஷ்ஷின் மயிரில், கீழே சிந்தியதில் சேதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் பின்கதவு அளவையில் அது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் அந்த அளவையை நான் நம்புகிறேன்: சூத்திரத்தில் சேதாரத்துக்குப் பத்து வீதம், குழிக்குப் பதினைந்து வீதம் என்று தனித்தனியே ஊகிக்க வேண்டியதில்லை. இந்த இரும்பு, இந்தக் கை, இந்த வெயில், எல்லாம் ஒரே கோப்பையில்.

நீலம் நாலு லீற்றர் வாங்கும்போது முதல் ரின்னின் மூடியைக் கொண்டுபோய், அதில் குத்தியிருந்த தொகுதி இலக்கத்தைப் பார்த்து அதே இலக்கம் கேட்டேன். கடைக்காரர் மூன்று ரின்னைப் புரட்டி ஒன்றைத் தந்தார். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்கினால் ஒரு பக்கம் ஒரு நீலம், மறுபக்கம் வேறு நீலம் என்று வராது.

வேலை முடிந்தபோது நீலத்தில் ஒரு தேநீர்க் கோப்பை அளவும் அன்ரி கொரோசிவ்வில் அரை லீற்றரும் மிஞ்சியது. நீலத்தை மூடியை இறுக்கித் தலைகீழாக வைத்திருக்கிறோம், கீறல் விழுந்தால் தொட்டுக்கொள்ள. தளத்தின் மேற்பக்கம் பற்றி மட்டும் மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. பெட்டி முழுக்க நீலமாக நிற்க, உள்ளே தளம் மட்டும் செம்மண் நிறமாகக் கிடப்பது அவருக்குச் சட்டை போட்டுச் சாரம் கட்டாத மாதிரி. "விக்கப் போனா வாங்கிறவன் முதல்ல உள்ளுக்குத்தானே பாப்பான்?" என்றார். விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். "ஆரு விக்கிற?" என்று கோபித்தார். அடுத்த நாள் தன் காசில் ஒரு லீற்றர் நீலம் வாங்கி வந்து, பாஸைக் கூப்பிடாமல், தானே குந்தியிருந்து தளத்துக்கு ஒரு பூச்சு அடித்தார். அந்த ஒரு லீற்றர் என் மதிப்பீட்டில் சேராது என்று கொப்பியில் தனிக் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.